மேல்விலங்கு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, அதற்கு ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள், ஜன்னல் ஓரமாக. நான் இந்த ஜன்னலைச் சாத்துவதே இல்லை. மழை அடித்தாலும் திறந்துதான் கிடக்கும். ஐம்பது வருஷம் எழுத்தைப் பார்த்துப் பிழைத்தவனுக்கு வெளிச்சம்தானே சோறு. எழுபத்தெட்டு வயதாகிறது, மருந்துச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பேன். டாக்டரே ஒருநாள் சோதித்துப் பார்த்தார்.

போனில் நீங்கள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. தவசிலிங்கத்தின் நாவலைத் திரும்ப அச்சில் கொண்டுவருகிறீர்கள், அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதானே? பதிப்பகத்துப் பெண் என்று எடுத்துக்கொண்டேன். சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். 'ஏழாம் களஞ்சியம்' பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் போய்விட்டார். உள்ளதைச் சொன்னால், சில விஷயத்தில் அவரைவிட எனக்குத்தான் கூடுதலாகத் தெரியும். கர்வம் என்று நினைக்காதீர்கள். எழுதுகிறவன் ஒரு வேகத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவான். ஒவ்வொரு எழுத்தாக நின்று பார்க்கிறவன் மெய்ப்பு பார்க்கிறவன்தான்.

நான் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் எல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. சாமான் கட்டி வருகிற காகிதம், நூலகம், பழைய பேப்பர் கடை. இருபத்திரண்டு வயதில் 'பொன்னூசி' வாரப் பத்திரிகையில் மெய்ப்பு பார்க்கச் சேர்ந்தேன். தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு ஓட்டுக் கட்டடம். முன்னால் முதலாளியின் மேசை, நடுவில் என் மேசை, பின்னால் ஈய எழுத்துப் பெட்டிகள். அச்சுக் கோப்பவர் பெயர் லூர்து. நல்ல வேலைக்காரன், வாய்தான் ஆகாது.

என் கையும் லேசுப்பட்ட கை இல்லை. அப்போதெல்லாம் எழுத்தாளர்கள் மைப்பேனாவில் எழுதி அனுப்புவார்கள். முதலாளிக்குத் தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் பிடிக்காது. அதனால் நான் பாதி பிளேடை வைத்துக்கொண்டு மையைச் சுரண்டி எடுத்து, நகத்தால் தேய்த்து, அந்த இடத்தைப் பழையபடி ஆக்கிவிடுவேன். என் கை பட்ட இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒழியத் தெரியாது. அப்படி யார் பிடிக்கப் போகிறார்கள்?

சரி, தவசிலிங்கத்துக்கு வருகிறேன்.

அவர் சர்க்கார் நெல் அரிசிக் கிட்டங்கியில் எடை போடுகிற ஆள். ஒல்லி உடம்பு. சட்டையை உதறினால் தவிடு கொட்டும். ஒருநாள் மத்தியானம் வந்து, அய்யனார் கோயில் பூசாரி தட்டை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். ராஜா ராணிக் கதை. ஒரு ராஜ்யம், அதில் ஏழு தானியக் களஞ்சியம். ஏழாவது களஞ்சியத்தில் எடை போடுகிறவன்தான் கதாநாயகன். கண்ணாடி போட்ட மணியக்காரர் ஒருவர் அவனுக்கு மேலதிகாரி. அரண்மனையில் ஒரு அரசி இருக்கிறாள், ஆனால் கதை முழுக்க அவள் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாள். யார் போய்க் கதவைத் தட்டினாலும், 'அரசி உறங்குகிறாள்' என்று காவலாளி சொல்லி அனுப்பிவிடுவான்.

அந்த ஒரு வரி போதாதா அம்மா? அது எழுபத்தாறு. நெருக்கடி நிலை. சேதிப் பக்கத்தை எல்லாம் அதிகாரி பார்த்து முத்திரை குத்தின பிறகுதான் அச்சுக்கு விடலாம். கதைப் பக்கத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. கதைதானே என்று விட்டுவிட்டார்கள். ஊரில் ஒருவரும் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். இப்படி விரலை மேலே காட்டுவோம். 'அவங்க' என்போம். நான் இன்றைக்கும் பெயர் சொல்ல மாட்டேன். பழக்கம்.

படித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. தூங்குகிற அரசி யார், கண்ணாடி போட்ட மணியக்காரர் யார், களஞ்சியத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற சேனாதிபதி யார், எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கதை என்றால் அதற்குள் இன்னொரு கதை இருக்கும். அது எனக்குப் பட்டென்று தெரிந்துவிடும். தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன், இவர் இன்னார் என்று. முதலாளிக்கு இது பிடிக்காது. லூர்து என்னைக் கேலி செய்தே பொழுதைப் போக்குவான்.

"அண்ணாச்சி, இந்த வாரம் சமையல் குறிப்புல கத்தரிக்காய் கொத்சு வந்திருக்கு. கத்தரிக்காய் யாருன்னு சொல்லிட்டீங்கன்னா கோத்துருவேன்."

அவன் விட மாட்டான். "கொத்தமல்லி எந்தக் கட்சி?" என்பான்.

சிரிக்கிறீர்களா? சிரிக்கவில்லையா. சரி.

ஒன்பதாம் அத்தியாயம் வந்த சமயம். தவசிலிங்கம் தாளைக் கொடுக்க வந்தபோது நான் அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி, எல்லாம் எனக்குப் புரிகிறது என்று சொன்னேன். ஒவ்வொரு பாத்திரமாகச் சொல்லி, மேலே விரலைக் காட்டினேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ அண்ணாச்சி, அப்படியெல்லாம் இல்ல. இது அரிசியைப் பத்தின கதை" என்றார்.

நான் சிரித்தேன்.

"நெசமாத்தான். எங்க கிட்டங்கியில அறுநூறு மூட்டை மக்கிப்போய்க் கிடக்கு. அதைச் சலிச்சு, நல்லதோட கலந்து, ரேஷனுக்கு விடப்போறாங்க. நேரா எழுதினா வேலை போயிரும். மேல எழுதிப் போட்டா மனு திரும்பி அவங்க கைக்கே வருது. அதான் ராஜா ராணின்னு எழுதுறேன். கண்ணாடி போட்டவரு எங்க சூப்பர்வைசர் கோதண்டம். படிச்சிட்டு யாராச்சும் ஒருத்தர் வந்து அந்த மூட்டையைப் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களான்னுதான்."

எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார் பாருங்கள். என்னிடமே மறைக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் கூடியது. பெரிய எழுத்தாளர்கள் தங்கள் கதையின் உட்பொருளைத் தாங்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "புரியுது தம்பி, புரியுது, என் வாயில இருந்து வராது" என்று தோளில் தட்டி அனுப்பினேன். அவர் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வாயிலிருந்து வராது என்றது உண்மைதான். ஆனால் ரசிகர்கள் கேட்டால் என்ன செய்வது? பத்திரிகை ஆபீசுக்கு எதிரே டீக்கடை. வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் அங்கே நாலு பேர் கூடுவார்கள். இந்தக் கதையில் யார் யார் என்று கேட்பார்கள். நல்ல கதை ஒன்றை, வெறும் ராஜா ராணிக் கதை என்று நினைத்து ஜனங்கள் படித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதனால் கொஞ்சம் கொஞ்சம் சொன்னேன். தெரிந்த ஆட்களிடம் மட்டும்.

அந்தக் கோதண்டமே ஒருநாள் வந்தார். கிட்டங்கி சூப்பர்வைசர். கையில் நாலு வாரத்து இதழை மடித்து வைத்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்தக் கண்ணாடி போட்ட மணியக்காரர் யார் என்று. கேட்கும்போது தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் விளக்கமாகச் சொன்னேன். மணியக்காரர் இன்னார், சேனாதிபதி இன்னார், அரசி இன்னார்.

"அப்ப கண்ணாடி போட்டவரு நான் இல்லையா?" என்றார்.

"உங்களையெல்லாம் யாரு எழுதப்போறா?" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. இன்னொரு டீ சொன்னார். அரசியைப் பற்றி வெளிப்படையாக எங்கேயாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். இதுவரை இல்லை, வரும், பொறுத்திருந்து பாருங்கள் என்றேன். அன்றிலிருந்து வாராவாரம் தவறாமல் இதழ் வாங்கினார். அப்படி ஒரு ரசிகர்.

பதினேழாம் அத்தியாயம் வந்தது.

அந்த அத்தியாயத்தில் கதாநாயகன் முதல் தடவையாக வாயைத் திறக்கிறான். பதினாறு வாரம் மூச்சுக் காட்டாமல் எடை போட்டுக்கொண்டிருந்தவன், மணியக்காரர் முன்னால் போய் நிற்கிறான். நின்று என்ன சொல்கிறான்? தாளில் இப்படி இருந்தது: 'இந்த அரிசியை இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் ஊரே நாறிவிடும். வெளியே தள்ளுங்கள்.'

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினாறு வாரமாக மலையைக் கட்டிவிட்டு உச்சியில் அரிசியை வைப்பானா ஒருவன்? யாருக்காவது மனம் ஒப்புமா? அவர் மனதில் இருந்தது வேறு. கை பயந்து ஒரு குறி கூடுதலாகப் போட்டுவிட்டது. ரகரத்தின் தலையில் ஒரு வளைவு, அவ்வளவுதான். நாங்கள் சின்ன வகுப்பில் படிக்கும்போது அந்த வளைவுக்கு மேல்விலங்கு என்று பெயர். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த மேல்விலங்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எழுதிப் பாருங்கள். 'இந்த அரசியை இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் ஊரே நாறிவிடும். வெளியே தள்ளுங்கள்.'

மயிர் கூச்செறிகிறது இல்லையா? இன்றைக்கும் எனக்கு அப்படித்தான்.

மெய்ப்பில் அந்த எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் குறி போட்டு லூர்துவிடம் கொடுத்தேன். அவன் தாளையும் மெய்ப்பையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"அண்ணாச்சி, அவரு அரிசின்னுதான எழுதியிருக்காரு."

"நான் சொல்றேன், எடு."

"நம்ம வேலை மூலத்துல இருக்கிறதைக் கோக்கிறது."

"மூலம் அவரு மனசுல இருக்கு" என்றேன். "மேல்விலங்கை எடுடா."

அவன் இடுக்கியால் அந்த ஈய எழுத்தைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டான். வேறு எழுத்தைச் செருகினான். "சேசுவே" என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான். தூத்துக்குடியில் ஏதோ அச்சகம் என்றார்கள். நான் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. டீக்கடையில் ஒருவரும் பேசவில்லை. படித்தவர்கள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த மௌனத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் கேட்டதில்லை. ஒரு எழுத்தால் ஊரையே வாயடைக்க முடிகிறதே என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் தவசிலிங்கம் ஓடிவந்தார். வேட்டி முழுக்கத் தவிடு. இதழை என் மேசையில் விரித்து, அந்த இடத்தைத் தொட்டார்.

"அண்ணாச்சி, ஒரு எழுத்து தப்பாயிருச்சு."

"சரியாயிருச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்றேன்.

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினதும் என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பொருள் தெரியவில்லை. நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் இரண்டு வரி போட்டால் போதும், 'அரிசி எனப் படிக்கவும்' என்று. ஒரு தாளில் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது என்றார். வேலை போனாலும் பரவாயில்லை, இது வேலையோடு போகிற விஷயம் இல்லை என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டேன். முதலாளியிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஊரே நிமிர்ந்து உட்கார்ந்து படித்த ஒரு வரியை, அது வெறும் அரிசி என்று அவரே சொல்வதா? ஒரு எழுத்தாளரை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நேரம் வரும். அது எல்லோராலும் முடியாது.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. பத்திரிகை ஆபீசுக்கு இல்லை, நேராகக் கிட்டங்கிக்கு. எடை போட்டுக்கொண்டிருந்தவரைத் தராசுப் பக்கத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்களாம். கோதண்டம்தான் இதழைக் கொண்டுபோய்க் காட்டினார் என்றும், பாத்திரம் பாத்திரமாக யார் யார் என்று அதிகாரிக்கு விளக்கினார் என்றும் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு ஞாபகசக்தி. நான் சொன்னதில் ஒரு வார்த்தை விடவில்லையாம்.

அடுத்த நாள் முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் நின்றார். வந்ததை அப்படியே போட்டோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், கையெழுத்துத் தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கையெழுத்துத் தாள்கள் ஒரு வருஷம் என் அலமாரியில்தான் இருக்கும். சாவியும் என்னிடம்தான்.

அரசி என்றுதான் இருக்கிறது என்றேன்.

பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் பயப்படுவதற்கு? அன்றைக்கு அலமாரியை இரண்டு தடவை பூட்டிப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். அது பழக்கம்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார்கள். சீனியம்மாள் என்று பெயர். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மூக்கு ஒழுகிக்கொண்டு, கையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு. அந்த அம்மாள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிறையில் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள். அவர் சொல்லி அனுப்பியதை, மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி, மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள்.

"பதினேழாம் அத்தியாயத்துத் தாளு அண்ணாச்சிகிட்ட இருக்குமாம். அதுல அவுக அரிசின்னுதான் எழுதியிருக்காகளாம். அந்தத் தாளைக் கொண்டுபோயி அதிகாரிகிட்ட காட்டினா விட்டுருவாகளாம். அந்தத் தாளு ஒண்ணுதான் இருக்காம். வேற சாட்சி இல்லையாம்."

நாளைக் காலையில் வரச் சொன்னேன். தேட வேண்டும் என்றேன். அலமாரி நிறையத் தாள் இல்லையா.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தாளை எடுத்து ஒழுங்கு செய்து வைத்தேன். மெய்ப்பு பார்க்கிறவனுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? மூலமும் அச்சும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருந்தால்தான் பிரச்சினை. யார் மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள் என்று ஆயிரம் கேள்வி வரும். ஒத்துப்போய்விட்டால் ஒரு கேள்வியும் இல்லை. அது ஒரு மன அமைதி.

காலையில் அந்த அம்மாள் ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்றார்கள். தாளைக் கொடுத்தேன். வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அதை என்னிடமே நீட்டி, அந்த வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார்கள். அவர்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"இதுதானுங்களா?"

"இந்த இடம்தான்" என்றேன்.

பொய் சொன்னேனா? இல்லை. இடம் அதுதானே.

தாளைக் குழந்தையின் சட்டைக்கும் தன் மாராப்புக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நனையாமல் கொண்டுபோய்விட்டார்களாம். அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாராம். அவரும் சத்தம் போட்டுப் படித்தாராம். பிறகு, "ஏம்மா, இத்தனை நாளா இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். நீயே கொண்டு வந்துட்டியே" என்றாராம்.

அந்த அம்மாள் திரும்ப ஒரு தடவை ஆபீசுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று என் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் மெய்ப்பில் கவனமாக இருந்தேன். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். யாரோ படித்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? "எழுத்துல கிடந்த விலங்கைக் கழட்டி எங்க வீட்டுக்காரரு கையில மாட்டிட்டீகளே." நல்ல வாக்கியம். பின்னாளில் நான் மேடைகளில் அதைச் சொல்வதுண்டு. எழுத்தாளர் மனைவியின் நாவிலும் இலக்கியம் என்று.

ஏழாவது மாதம் தவசிலிங்கம் உள்ளேயே இறந்துபோனார். வயிற்றுப்போக்கு. உள்ளே போட்ட சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். புழுத்த அரிசி, கட்டி கட்டியாக மக்கின அரிசி. பாருங்கள் அம்மா, எங்கே கொண்டுபோய் முடிகிறதென்று. அவர் சாவில்கூட ஒரு குறியீடு இருக்கிறது. நான் ஒரு கட்டுரையில் அதை எழுதியிருக்கிறேன்.

ஊரிலும் அந்த வருஷம் நிறையப் பேருக்கு வாந்தி பேதி. பதினாலு பேர் போய்விட்டார்கள், அதில் பாதி குழந்தைகள். ரேஷன் அரிசி என்று சில பேர் சொன்னார்கள். தண்ணீர் என்று சில பேர் சொன்னார்கள். அது வேறு விஷயம். கதைக்குச் சம்பந்தமில்லை.

நெருக்கடி நிலை போனது. போனதும் அதுவரை மேலே விரல் காட்டினவர்கள் எல்லாம் வாயைத் திறந்தார்கள். 'அரசியை வெளியே தள்ளுங்கள்' என்ற வரியைச் சுவரில் எழுதினார்கள். ஒரு கட்சிக்காரர் அதை மாநாட்டில் சொன்னார், அடுத்த வருஷம் அவருக்கு எதிர்க்கட்சிக்காரரும் சொன்னார். நூலகத்தில் தவசிலிங்கத்தின் படத்தை மாட்டினார்கள். வருஷா வருஷம் நினைவுக் கூட்டம் நடக்கும். என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்துவார்கள். நான் எழுந்து, எந்தப் பாத்திரம் எந்தத் தலைவர் என்று அரை மணி நேரம் விளக்குவேன். நாற்பத்தாறு துண்டு சேர்ந்திருக்கிறது, அந்தப் பெட்டியில். அந்த அம்மாளை ஒரு கூட்டத்துக்கும் காணோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்றார்கள்.

நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு எழுத்து இல்லாவிட்டால் அவர் யார்? கிட்டங்கியில் எடை போட்டவர், அரிசியைப் பற்றி ஒரு கதை எழுதினவர். யார் படம் மாட்டுவார்கள்? இதை நான் வெளியே சொன்னதில்லை. நீங்கள் புத்தகம் போடுகிறவர்கள், உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். எழுத வேண்டாம். மெய்ப்பை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அகராதியைப் பார்த்துக்கொண்டு அரிசி என்று திருத்திவிடுவார்கள்.

என்ன தேடுகிறீர்கள் பைக்குள்? தண்ணீர் வேண்டுமா?

ஓ.

இது உங்களிடம் எப்படி வந்தது?

பச்சைக் கோடு போட்ட தாள். கிட்டங்கித் தாள். பதினேழு என்று மேலே போட்டிருக்கிறது. அவர் கையெழுத்துதான். சிறையில் துணிமணியோடு சேர்த்துத் திரும்பக் கொடுத்தார்களா? உங்கள் அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார்களா? இருந்தார்களா, இருக்கிறார்களா? போன மாசம் தவறிவிட்டார்களா. அப்படியா.

அப்படியென்றால் நீங்கள் பதிப்பகம் இல்லை.

இடுப்பில் இருந்த குழந்தை. ரொட்டித் துண்டு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது பாருங்கள். எவ்வளவு வளர்ந்துவிட்டாய். வளர்ந்துவிட்டீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள்? டீச்சரா. நல்லது, நல்லது. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்கும். நான் இப்போது சொன்னதையெல்லாம் வைத்துக்கொண்டு தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உட்காருங்கள் அம்மா. ஏன் எழுந்துவிட்டீர்கள்? தாளை இப்படிக் கொடுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். என் கண் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஜன்னல் கிட்டே நிற்க வேண்டாம். வெயிலில் கண் கூசும். அப்படித் தூக்கிப் பிடிக்காதீர்கள், பழைய தாள், கிழிந்துபோகும். ஐம்பது வருஷத்துத் தாள் அங்கங்கே மெலிந்துதான் இருக்கும். பூச்சி அரிக்கும், வியர்வை பட்டிருக்கும். ஒரே ஒரு எழுத்தின் தலைக்கு மேலே மட்டும் வெளிச்சம் வருகிறதென்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஜன்னலைச் சாத்துங்கள் அம்மா.